களஞ்சியத்தில் உங்கள் பணியிடம் சரியாக இருக்கிறதா? துறை, அலுவலக அமைப்பு பற்றி ஒரு விளக்கம்

தமிழ்நாடு அரசு ஊழியர்களின் சம்பளம், விடுப்பு, பணிப்பதிவேடு எல்லாம் இப்போது ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டத்தின் வழியாகத்தான் நடக்கின்றன. ஐஎஃப்எச்ஆர்எம்எஸ் என்று சொல்லிப் பழகி, இப்போது களஞ்சியம் என்று சொல்கிறோமே, அதேதான். இதில் சம்பளம் வரவில்லை, விடுப்பு விண்ணப்பம் வேறு யாருக்கோ போகிறது என்று புகார் எழும்போது, பழியைக் கணினி மேல் போட்டுவிடுகிறோம். பல நேரங்களில் பிரச்சினை அதற்கு முன்பே, துறையும் அலுவலகமும் பணியிடமும் (அதாவது அரசு அனுமதித்த பதவி இடம்) பதிவான விதத்தில் தொடங்கியிருக்கும்.

மேலே தலைமைச் செயலகத் துறை. அதன் கீழ் இயக்குநரகம் அல்லது ஆணையரகம் என்ற துறைத் தலைமை. பிறகு மாவட்ட அலுவலகம், அதற்கும் கீழே சார்நிலை அலுவலகங்கள். படிநிலை இவ்வளவுதான். ஆனால் ஊழியர் வேலை செய்யும் இடமும் அவருக்குச் சம்பளம் போடும் அலுவலகமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

பள்ளிக் கல்வித் துறையையே பாருங்கள். அரசு மேல்நிலைப் பள்ளி என்றால் தலைமையாசிரியரே பணம் பெற்று வழங்கும் அலுவலர், அதாவது சம்பளப் பட்டியல் போட்டுக் கருவூலத்திலிருந்து பணம் பெறும் பொறுப்பாளர். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கோ வேலை பள்ளியில், சம்பளப் பட்டியல் வட்டாரக் கல்வி அலுவலரிடம். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். 'வேலை செய்யும் அலுவலகம்', 'சம்பளம் பெறும் அலுவலகம்' இரண்டிலும் ஒரே பெயரைப் போட்டுவிட்டால், எந்தப் பள்ளியில் எத்தனை ஆசிரியர், எங்கே காலியிடம் என்ற கணக்கே குழம்பிவிடும்.

அப்புறம் கணக்குத் தலைப்பு, அதாவது சம்பளச் செலவு அரசுக் கணக்கில் எதன் கீழ் எழுதப்படுகிறது என்பதற்கான எண். பள்ளிக் கல்விக்கான மானியக் கோரிக்கை (வரவு செலவுத் திட்டத்தில் ஒரு துறைக்கு நிதி கேட்கும் பகுதி) எண் 43. அதில் பொதுக் கல்விக்கான முதன்மைத் தலைப்பு 2202. அதன் கீழ் தொடக்கக் கல்விக்கு 01, இடைநிலைக் கல்விக்கு 02. உயர்நிலைப் பள்ளியில் இருக்கும் ஒரு பணியிடத்தை 01இன் கீழ் இணைத்தால், சம்பளம் என்னவோ கையில் வந்துவிடலாம். ஆனால் செலவு தொடக்கக் கல்விக் கணக்கில் போய் உட்காரும். ஒரு பக்கம் ஒதுக்கீடு மீறும், மறுபக்கம் மிஞ்சும், தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியது அலுவலகத் தலைவர்.

முக்கியமானது இதுதான்: முதலில் பணியிடம், அதன் பிறகே ஆள். அரசாணையால் அனுமதிக்கப்பட்ட பணியிடம் ஒவ்வொன்றும் தனிப் பதிவு. ஒரு பணியிடத்தில் ஒருவர். ஆள் மாறுதலாகிப் போனாலும் பணியிடம் காலியிடமாக அங்கேயே இருக்கும். பணி நிரவலில் (உபரியாக உள்ள இடத்திலிருந்து தேவையான இடத்துக்கு மாற்றும்போது) பணியிடத்தையே வேறு பள்ளிக்கு மாற்றி ஆணை வந்தால்தான் அதை நகர்த்தலாம். மாற்றுப்பணி (தற்காலிகமாக வேறு இடத்தில் வேலை பார்ப்பது) அப்படியில்லை. ஆள் வேறு இடத்தில் வேலை செய்தாலும் சம்பளம் பழைய பணியிடத்திலிருந்தே வரும், ஆகவே பணியிடத்தில் கை வைக்கக் கூடாது. தற்காலிகப் பணியிடம் என்றால் அதற்கு முடிவு நாள் உண்டு. தொடர் நீட்டிப்பு ஆணை தாமதமானால் சம்பளம் நிற்பது இதனால்தான். அதில் ஆசிரியர் மேல் எந்தத் தவறும் இல்லை. நீட்டிப்பு முன்மொழிவை முன்கூட்டியே அனுப்புவது நிர்வாகத்தின் கடமை என்று அழுத்திச் சொல்ல வேண்டும்.

புதிய அலுவலகம் எப்போது உருவாகும்? 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, 2020இல் மயிலாடுதுறை என மாவட்டங்கள் பிரிந்தபோது, ஒவ்வொரு துறைக்கும் அங்கே மாவட்ட அலுவலகம் தேவைப்பட்டது. இந்த மாதிரி நேரத்தில் அரசாணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிவது நல்லது. அலுவலகத்தின் பெயர் ஆணையில் உள்ளபடியே, நடைமுறைக்கு வரும் நாள், எந்த மேல் அலுவலகத்தின் கீழ், யார் பெற்று வழங்கும் அலுவலர், எந்தக் கருவூலம், எந்தெந்தப் பணியிடங்கள் மாற்றித் தரப்பட்டன என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பழைய அலுவலகம் மூடப்பட்டால் அதை அழிக்கக் கூடாது, முடிவு நாள் போட்டு நிறுத்த வேண்டும். பத்து வருடம் கழித்து ஒருவரின் ஓய்வூதியக் கருத்துருவோ நிலுவைத் தொகையோ கணக்கிடும்போது, அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு அந்தப் பதிவு வேண்டும்.

சம்பளப் பட்டியல் மூன்று கட்டமாகப் போகிறது: ஒருவர் உருவாக்குவார், ஒருவர் சரிபார்ப்பார், ஒருவர் ஒப்புதல் தருவார். இந்தப் பொறுப்பில் இருப்பவர் ஓய்வு பெற்றாலோ மாறுதலானாலோ, அதே நாளில் அடுத்தவருக்கு அதை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் மொத்த அலுவலகத்தின் பட்டியலும் போனவர் பெயரில் தேங்கி நிற்கும்.

ஊழியராக நீங்கள் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். உங்கள் கணக்கில் நுழைந்து பதவி, பணியிடம், வேலை செய்யும் அலுவலகம், சம்பளம் பெறும் அலுவலகம், விடுப்புக்கு ஒப்புதல் தருபவர் ஆகியவற்றைப் பாருங்கள். மாறுதலில் வந்தவர் என்றால், பழைய அலுவலகம் காகிதத்தில் மட்டுமின்றிக் களஞ்சியத்திலும் உங்களைப் பணிவிடுவித்துவிட்டதா என்று கேளுங்கள். அங்கே விடுவிக்காதவரை இங்கே சம்பளம் போடுவது சிக்கல்தான். தவறு இருந்தால் நியமன ஆணை அல்லது மாறுதல் ஆணையின் நகலுடன் அலுவலகத் தலைவருக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளம் மாதக் கடைசி வேலை நாளில் வந்தாலும் பட்டியல் அதற்கு வெகு முன்பே கருவூலத்துக்குப் போய்விடும் என்பதால், மாதத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள்.