அங்கதம் வேறு, நையாண்டி வேறு

"பெண்களின் துயரத்தையும் மனவுறுதியையும் நையாண்டி செய்யும் நாவல்." மொழிபெயர்ப்பு நூல்களின் பின்னட்டையிலும் மதிப்புரைகளிலும் இப்படி ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. எழுதியவர் நினைத்தது வேறு, தமிழில் வந்து விழுந்தது வேறு. எதை நையாண்டி செய்கிறோமோ அதுதான் கேலிப்பொருள். 'துயரத்தை நையாண்டி செய்யும்' என்றால், அழுகிற பெண்ணைப் பார்த்து நாவலாசிரியர் சிரிக்கிறார் என்றுதான் பொருள். ஓர் 'ஐ' உருபு, அடி வாங்க வேண்டியவரை விட்டுவிட்டு அடிபட்டவள் மேலேயே பாய்கிறது.

குறைகளைச் சாடும் எழுத்தை ஆங்கிலத்தில் சட்டயர் (satire) என்கிறார்கள். அதற்குத் தமிழில் அங்கதம். நேற்று ஆக்கிய சொல் அல்ல, தொல்காப்பியச் செய்யுளியலில் இருப்பது. செம்பொருள், கரந்தது என அங்கதம் இரு வகை. வெளிப்படையாகச் சொன்னால் வசை, மறைத்துச் சொன்னால் பழிகரப்பு. தோளில் அணியும் அங்கதம் வேறு சொல்.

பழிகரப்பு எப்படி இருக்கும் என்பதற்குப் புறநானூறு 95 போதும். அதியமானின் தூதராகப் போய்த் தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்த ஔவையார், இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவல் மிகுந்த மனையில் இருக்கின்றன என்கிறார். அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. மேலுக்குப் புகழ்ச்சி, உள்ளே 'நீ போரே கண்டதில்லை' என்ற குத்து.

தூய தமிழ் வேண்டுவோர் சிலர் சட்டயரை 'எள்ளல்' என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் இந்த இடத்துக்கு ஆகாது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கும் நகை பிறக்கும் இடங்கள். எள்ளல் சிரிப்புக்குக் காரணம். அங்கதத்துக்கோ சிரிப்பு கட்டாயமில்லை, வெளிப்படையாகவோ மறைவாகவோ வசை கட்டாயம்.

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' (1934) படித்தவர் யாரும் சிரிப்பதில்லை. அம்மாளு மில் கூலி. ஜட்கா ஓட்டும் கணவன் அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால்கஞ்சி வார்க்க, இருட்டுச் சந்தில் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். வசை முழுவதும் கற்பைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவர்களுக்கு. அம்மாளு மேல் ஒரு துளியும் தெறிக்கவில்லை. 'பொன்னகரம்' என்ற தலைப்பே பழிகரப்பு. இதை நையாண்டிக் கதை என்று அட்டையில் அச்சிட்டால் அம்மாளுவையே கேலி செய்ததாகிவிடும். மொழிபெயர்ப்பாளர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, வசை யாருக்கு என்பதை. அது தெரிந்துவிட்டால் உருபு தானாகச் சரியாகும். அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து ஒட்டுகிற அவசரத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

ஆங்கில ரெசிலியன்ஸுக்கு (resilience) இதே அவசரத்தில் வந்ததுதான் 'மீள்திறன்'. அமுக்கிய ஸ்பிரிங் பழைய நிலைக்கு வருவதற்கு அது பொருந்தும். அம்மாளு எதிலிருந்தும் மீளவில்லை. கதை முடியும்போதும் அதே மில், அதே வறுமை. அவள் தாக்குப்பிடிக்கிறாள். வீட்டிலும் தெருவிலும் நாளெல்லாம் புழங்கும் அந்த வினையை ஏன் ஒதுக்க வேண்டும்?

பின்னட்டை வாக்கியத்தை இப்படித் திருத்தலாம்: "பெண்கள் படும் துயரையும் அவர்கள் தாக்குப்பிடிப்பதையும் காட்டி, அதற்குக் காரணமானவர்களைச் சாடும் அங்கத நாவல்." நான்கைந்து சொல் கூடுகிறது. பின்னட்டையில் அதற்கு இடம் இருக்கிறது.