மைக் எதைக் கேட்கக் கூடாது?

நண்பர் ஒருவர் வீட்டில் பாடிப் பதிவு செய்ய வாங்கிய கண்டென்சர் மைக்கை ஊர்த் திருவிழாக் கச்சேரிக்கு எடுத்துப் போனார். வீட்டில் அவர் மூச்சு இழுப்பதைக்கூடப் பிடித்த மைக் அது. மேடையிலோ, பல்லவியைத் தாண்டுவதற்குள் 'கூ'வென்று ஊளையிட்டுவிட்டது. மைக் செட்காரர் பேசாமல் தலையிலுள்ள கம்பிவலை நசுங்கிய பழைய டைனமிக் மைக் ஒன்றை நீட்டினார். அதில்தான் கச்சேரி நடந்தது.

"உங்க மைக் ரொம்ப சென்சிடிவ் சார்" என்று அவர் சொன்ன காரணம் பாதிதான் சரி. ஸ்பீக்கரில் வரும் குரலை மைக் மறுபடி கேட்கிறது, ஆம்ப்ளிஃபயர் அதை மறுபடி பெருக்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒலி கொஞ்சம் கூடினாலே போதும், ஊளை பிறந்துவிடும். சென்சிடிவான மைக் என்றால் மிக்ஸரில் குறைத்து வைத்துவிடலாமே! பாடகரின் குரல் எத்தனை பங்கு, மற்ற சத்தம் எத்தனை பங்கு என்பதுதான் கணக்கு. நண்பர் வீட்டுப் பழக்கத்தில் ஒரு சாண் தள்ளி நின்று பாடினார். 20 செ.மீ. தூரத்தை 5 செ.மீ. ஆக்கினால் மைக்கை எட்டும் குரல் சுமார் 12 டெசிபல் கூடும். மிக்ஸரில் அந்த அளவு குறைத்துக்கொள்ளலாம், ஊளையும் அடங்கும்.

உதட்டை ஒட்டிப் பாடினால் இன்னொரு சிக்கல்: கிட்டே போகப் போக, ஒரு திசையை மட்டும் கேட்கும் மைக்குகளில் கீழ்ஸ்தாயி உப்பிக்கொண்டு வரும். 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக் அதற்கென்றே கீழ்ஸ்தாயியைக் குறைத்து, சொற்கள் தெளிவாகக் கேட்கும் 5 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தைச் சற்றுத் தூக்கி வைத்திருக்கிறது.

பின்பக்கச் சத்தத்தை அது ஒதுக்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே இருக்கும் சவ்வின் முன்புறம் மட்டுமல்ல, பின்புறமும் திறந்திருக்கிறது. பின்வாசல் வழியாக நுழையும் ஒலி சற்றுத் தாமதமாகச் சவ்வை அடையும்படி வழியமைத்திருக்கிறார்கள். மைக்கின் பின்னாலிருந்து வரும் ஒலி முன்புறத்தைச் சுற்றி வர எடுக்கும் நேரமும் இந்தத் தாமதமும் ஒன்று. இருபுறமும் ஒரே நேரத்தில் ஒரே அழுத்தம், ஆகவே சவ்வு அசையாது. பாடகருக்கு எதிரே, மைக்கின் முதுகுக்கு நேராக மானிட்டர் ஸ்பீக்கரை (பாடகர் தன் குரலைக் கேட்பதற்கானது) வைப்பது இதனால்தான். இன்னும் குறுகலாக முன்பக்கத்தைக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டு வகை மைக்குக்கு இந்த செவிட்டு இடம் முதுகில் இல்லை, சற்றே பக்கவாட்டில், முன்பக்கத்திலிருந்து 126 பாகையில் இருக்கிறது. மானிட்டரை அதற்கேற்ப நகர்த்தாவிட்டால் கூடுதல் விலை கொடுத்ததற்கு அர்த்தமில்லை. ஸ்டைலுக்காகக் கம்பிவலையைக் கையால் பொத்திப் பிடிப்பவர்கள் அந்தப் பின்வாசலையே அடைத்துவிடுகிறார்கள். அப்புறம் ஊளைக்கு மைக் செட்காரரைத் திட்டுவார்கள்!

டிரம்ஸிலும் இதே கணக்குதான். ஸ்னேர் என்ற சிறு டிரம்முக்குப் பக்கத்திலேயே ஹை-ஹேட் என்ற ஜோடித் தட்டு 'டிஸ் டிஸ்' என்று அடிக்கும்; ஸ்னேருக்கு வைத்த எஸ்எம்57 மைக்கின் முதுகை அதன் பக்கம் திருப்பி வையுங்கள், பாதித் தொல்லை போய்விடும். ஸ்னேருக்கு அடியிலும் ஒரு மைக் வைத்தால், குச்சி விழும் கணத்தில் மேல்தோல் மேல் மைக்கைவிட்டு விலகும், கீழ்த்தோல் கீழ் மைக்கை நோக்கி வரும். இரண்டையும் அப்படியே கூட்டினால் ஸ்னேரின் கனம் கரைந்துவிடும். மிக்ஸரில் ஒன்றின் ஃபேஸ் பொத்தானை அழுத்தி அதன் ஒலியலையைத் தலைகீழாக்க வேண்டும். சிம்பல் என்ற உலோகத் தட்டுக்கு மட்டும் கண்டென்சர்தான் நல்லது. டைனமிக்கின் சவ்வு கம்பிச்சுருளைச் சுமந்துகொண்டு அசைய வேண்டும். கண்டென்சரின் மெல்லிய சவ்வுக்கு அந்தச் சுமை இல்லை, சிம்பலின் நுண்ணிய அதிர்வுகளோடு கூடவே ஓடும்.

மிருதங்கத்தில் இரண்டு பக்கமும் இரண்டு வாத்தியம் மாதிரி. வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) நடுவிலுள்ள கருப்பு வட்டமான கரணை, அடிச்சுருதியோடு கூடவே எழும் மேல்சுருதிகளை ஒழுங்குபடுத்தி நாதம் தருகிறது என்று சி.வி. ராமன் 1920-லேயே எழுதினார். அந்த நாதம் கேட்க, மைக் கரணையைப் பார்த்து இருக்க வேண்டும். இடப்பக்கமான தொப்பியில் ரவை அப்பியிருப்பதால் 'கும்' ஏற்கெனவே நிறைய. மைக்கை அங்கே ஒட்டி வைத்தால் உப்பல் சேர்ந்து வலந்தலையை விழுங்கிவிடும். நாலு விரற்கடை தள்ளி வைத்துவிட்டு, வித்வானை ஒரு முத்தாய்ப்பு வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.