நடனத்துக்குத் தமிழ் கூத்தா, ஆடலா?

நண்பர் ஒருவர் மகளின் அரங்கேற்றத்துக்கு அழைப்பிதழ் அடிக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். எல்லாம் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று பிடிவாதம். நாட்டியம் வடமொழி, நடனமும் வடமொழி, சரி, அப்போ டான்ஸுக்கு நல்ல தமிழ்ச் சொல் எதுய்யா என்று போனில் கேட்டார். யோசிக்காமல் 'கூத்து' என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏன்யா, எம்பொண்ணு என்ன கூத்தாடியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. இன்றைக்குக் கூத்து என்ற சொல் வீட்டுக்குள் எப்போது வருகிறது? 'என்ன கூத்து இது', 'ராத்திரியெல்லாம் கூத்தடிச்சிட்டு இப்ப வர்றான்', 'இந்தக் கூத்தைக் கேட்டியா'. எல்லாம் ஏளனம்தான். கூத்தாடி என்றால் வசை. கூத்தி என்று வாய் திறந்தே சொல்ல முடியாது, ஆனால் அதன் பொருள் ஆடுகிற பெண் என்பது மட்டும்தான், கூத்தன் என்பதன் பெண்பால், அவ்வளவே.

ஆனால் இதே சொல்லைத்தான் நம் ஆட்கள் கடவுளுக்குப் பெயராக வைத்தார்கள். தில்லையில் ஆடுகிறவன் கூத்தன், கூத்தப்பெருமான். குடத்தை வைத்து ஆடிய திருமால் ஆழ்வார் பாசுரத்தில் குடக்கூத்தன். சோழர் அவையில் ஒட்டக்கூத்தர் அந்தப் பெயரோடு பெருமையாகவே உட்கார்ந்திருந்தார். திருமந்திரத்தில் இறைவனின் ஆட்டத்தைப் பாடும் பகுதிக்குத் திருக்கூத்துத் தரிசனம் என்றே தலைப்பு.

வேர் என்ன? குதி என்ற வினையோடு சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம். குதித்து ஆடுவது கூத்து. பொருளுக்கும் ஒலிக்கும் அது பொருந்தி வருகிறது. ஆனால் பழைய நூல்களில் கூத்து என்றால் வெறும் குதியாட்டம் இல்லை, கதையைத் தழுவி ஆடுவதும் கூத்து, கதை இல்லாமல் தாளத்துக்கு ஆடுவதும் கூத்து, அதாவது இன்று நாம் நடனம் என்றும் நாடகம் என்றும் இரண்டாகப் பிரித்து வைத்திருப்பது அன்று ஒரே சொல்லுக்குள் இருந்தது. நாடகம் என்ற சொல்லும் அப்போது பல இடங்களில் ஆட்டத்தைத்தான் குறித்தது, நாடக மகளிர் என்றால் ஆடும் பெண்கள். வள்ளுவர் கூத்தை எடுத்துக்கொண்ட விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'கூத்தாட்டு அவைக்குழாத் தற்றே பெருஞ்செல்வம், போக்கும் அதுவிளிந் தற்று' (332). செல்வம் வருவது கூத்து பார்க்கக் கூட்டம் சேர்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக, போவது கூத்து முடிந்து கூட்டம் கலைகிற மாதிரி ஒட்டுமொத்தமாக. ஊரே திரண்டு கூத்து பார்த்த காலம் என்பது இந்த ஒரு குறளிலேயே தெரிந்துவிடும், பழக்கமில்லாத விஷயத்தை யாரும் உவமையாகச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது ஆடு என்ற வினைக்கு வருவோம், எனக்கு இதுதான் உண்மையான புதையல். நீராடு, ஊசலாடு, விளையாடு, போராடு, உரையாடு, வேட்டையாடு, சூதாடு, மன்றாடு, திண்டாடு, தள்ளாடு, கொண்டாடு. குளிப்பதும் ஆட்டம், சண்டையும் ஆட்டம், கெஞ்சுவதும் ஆட்டம்! அடிப்படைப் பொருள் அசைதல், முன்னும் பின்னுமாக இயங்குதல். அங்கிருந்து கிளைத்துக் கிளைத்து ஒரு செயலில் முழுசாக ஈடுபடுவது எல்லாமே ஆடுதல் ஆகிவிட்டது. பக்கத்து வீடுகளிலும் இதே கதைதான், கர்நாடகத்தில் யட்சகானத்தை ஊர்க்காரர்கள் வெறுமனே 'ஆட்ட' என்பார்கள், வெட்டவெளியில் ஆடுவதால் 'பயலாட்ட'. கேரளத்துக் கூடியாட்டம், கூடி ஆடுவது. நமக்கும் அவர்களுக்கும் வேர் ஒன்று.

ஆட்டத்துக்கு டிக்கெட் வைத்துப் பார்ப்பது ரொம்பப் பிந்திய பழக்கம் என்பதைச் சங்கப் பாட்டுகளைப் படித்தாலே புரிந்துகொள்ளலாம். அங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வேலை இருந்தது. பெண் சோறு தண்ணீர் இல்லாமல் மெலிகிறாள், காரணம் காதல், அம்மாவுக்குத் தெரியாது, முருகன் அணங்கியதாக, அதாவது பிடித்துக்கொண்டதாக நினைத்து வேலனை அழைக்கிறாள். அவன் கையில் வேலோடு வந்து வெறியாடுகிறான். வெறியாட்டு, வெறியாட்டயர்தல் என்று தொல்காப்பியத்திலேயே வருகிறது. (வெறி என்பதற்கு மணம் என்றும் பொருள் உண்டு, தெய்வம் ஏறிய நிலை என்றும் பொருள் உண்டு, இப்போதோ நாய்க்கு மட்டும் பிடிக்கிறது.) நற்றிணை 34-இல் தோழி நேராக முருகனையே பிடித்துக் கேட்கிறாள், இவள் நோய் உன்னால் வந்ததில்லை என்று தெரிந்தும் வெறியாடும் களத்துக்கு வந்து நிற்கிறாயே, 'கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற, வாழிய முருகே'. நீ கடவுளாகவே இரு, ஆனாலும் நீ ஒரு மடையன், நல்லா இரு! இன்றைக்கும் ஊர்க்கொடையில் சாமியாடியின் முன்னால் நின்று குறி கேட்கிற அம்மாக்களைப் பார்த்தால் அந்தப் பாட்டில் வருகிற தாய் ஒன்றும் தூரத்து ஆள் இல்லை என்று தோன்றும்.

குரவை என்பது கைகோத்து வட்டமாக ஆடுவது. போரில் வென்ற அரசனின் தேருக்கு முன்னால் ஆடினால் முன்தேர்க்குரவை, பின்னால் ஆடினால் பின்தேர்க்குரவை. சிலப்பதிகாரத்தில் ஆயர் சேரியில் குடத்துப் பால் உறையவில்லை, உறியில் வெண்ணெய் உருகவில்லை, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று பயந்து மாதரி குரவையாட ஏற்பாடு செய்கிறாள், ஏழு பெண்களை நிறுத்தி அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரை வைக்கிறாள். ஆட்டமே பரிகாரம். அதே நேரம் மதுரையில் கோவலன் வெட்டுண்டு கிடக்கிறான் என்பது அவர்களுக்குத் தெரியாது, படிக்கிற நமக்குத் தெரியும், அந்த இடத்தில் இளங்கோ பண்ணுவது கொடுமை.

அப்புறம் துணங்கை. இரு கைகளையும் மடக்கி விலாவில் அடித்துக்கொண்டு ஆடுவது. குறுந்தொகை 31-இல் ஆதிமந்தி காணாமல் போன காதலனை வீரர் கூடும் விழாவிலும் பெண்கள் தழுவி ஆடும் துணங்கையிலும் தேடிக் காணாமல், 'யானும் ஓர் ஆடுகள மகளே' என்கிறாள், அவனும் 'ஓர் ஆடுகள மகனே'. நானும் ஆடுகளத்துக்காரி, அவனும் ஆடுகளத்துக்காரன். இந்த ஒரு வரிக்கு முன்னால், என் பெண் கூத்தாடியா என்ற கேள்வியை வைத்துப் பாருங்கள். அவளுக்கு அதில் கூச்சம் கொஞ்சமும் இல்லை.

மாதவி கடலாடு காதையில் ஆடுகிற 11 ஆட்டங்களின் பட்டியல் பலருக்குத் தெரிந்திருக்கும், கொடுகொட்டி, பாண்டரங்கம், அல்லியம், மல், துடி, குடை, குடம், பேடு, மரக்கால், பாவை, கடையம். கவனித்தால் பாதிக்கு மேல் சண்டையில் பிறந்தவை. அசுரர்கள் பாம்பும் தேளுமாக வந்தபோது கொற்றவை மரக்காலில் நின்று ஆடி மிதித்தாள், அது மரக்கால். (பொய்க்கால் குதிரை ஆட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.) சூரனை அழித்துவிட்டு முருகன் கடல் நடுவே ஆடியது துடி. பேடு என்பது காமன் ஆண்மை திரிந்த கோலத்தில் ஆடியது. மாதவி 5 வயதில் தொடங்கி 7 ஆண்டு பயின்று 12 வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறினாள், பரிசு 1008 கழஞ்சு பொன், கூடவே தலைக்கோல் பட்டம். அந்தத் தலைக்கோல் எதனால் செய்தது என்று நினைக்கிறீர்கள்? தோற்று ஓடிய பகை மன்னனின் வெண்கொற்றக் குடையின் காம்பு.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கூத்து ஒரு தொழில், அதற்குக் கணக்கு உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தினான், ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். எந்த ஊரிலிருந்து வந்தவர், பெயர் என்ன, எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் இருக்கிறது. பின்னால் வந்த இரண்டாம் ராஜேந்திரன் காலத்தில் வைகாசித் திருவிழாவில் ராஜராஜேசுவர நாடகம் ஆடுவதற்காக ஒரு சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் கொடுத்திருக்கிறார்கள். இதைவிட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அந்தக் கோயிலில் பொன்னை நிறுத்த எடைக்கல்லின் பெயர் 'ஆடவல்லான்'. ஆடத் தெரிந்தவன் பெயரை எடைக்கல்லுக்கு வைத்த ஊர் நம் ஊர்.

சரி, நடனம் எங்கிருந்து வந்தது? வடமொழியில் ஆடுதலுக்குப் பழைய வேர் 'ந்ருத்', நம் நிருத்தம் அதிலிருந்து. அது பேச்சு வழக்கான பிராகிருதத்தில் 'நட்ட' என்று தேய்ந்து, அந்தத் தேய்ந்த வடிவம் திரும்ப வடமொழிக்குள் 'நட்' என்ற வேராகப் போய், நடன், நடனம், நாட்டியம், நாடகம் எல்லாம் பிறந்தன என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. தனித்தமிழ் அன்பர்கள் நட என்ற தமிழ் வினையிலிருந்தே நடம், நடனம் வந்தன என்பார்கள். எனக்கு முதலாவதுதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் நட்டம், நட்டுவன் என்ற இரட்டை டகர வடிவங்களை நடப்பதிலிருந்து கொண்டுவருவது கஷ்டம், பிராகிருதத்திலிருந்து வந்ததாக வைத்தால் நேராகப் பொருந்துகிறது. எப்படி இருந்தாலும் நட்டம் தேவாரத்திலேயே இருக்கிறது, ஆயிரம் வருஷத்துக்கு மேல் நம்மோடு குடியிருக்கிற சொல், விரட்டத் தேவையில்லை. இப்போது நட்டம் என்றால் வியாபாரத்தில் கைவிட்ட காசு என்றாகிவிட்டதால் அதுவாகவே ஒதுங்கிக்கொண்டது.

கூத்து எப்படிக் கீழே போனது என்பதுதான் வருத்தமான பகுதி. சொல்லுக்கு ஒரு குறையும் வரவில்லை, ஆடியவர்களின் நிலை சரிந்தது, சொல்லும் கூடவே சரிந்தது. தேவரடியார் என்பது தேவரின் அடியார், எவ்வளவு உயர்ந்த சொல், அது என்னவாக மாறியது என்று சொல்லவேண்டியதில்லை. தஞ்சை மராத்தியர் காலத்திலிருந்து அரண்மனையிலும் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் ஆடிய ஆட்டத்துக்குச் சதிர் என்று பெயர், மராத்தியர் அவையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள், நாகசுரக் கோஷ்டி பெரிய மேளம், சதிர்க் கோஷ்டி சின்ன மேளம். 1930-களில் சென்னையில் படித்த குடும்பத்துப் பெண்கள் அதே ஆட்டத்தைக் கற்கத் தொடங்கியபோது சதிர் என்ற பெயர் ஒத்துவரவில்லை, பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறைக்குத் தடைச் சட்டம் வந்தது. ஒழிய வேண்டிய முறைதான், ஆனால் ஆட்டம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனபோது பெயரையும் கழுவி எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதை மறைக்க முடியாது. பாவம், ராகம், தாளம் மூன்றின் முதலெழுத்துதான் பரதம் என்று சிலர் விளக்குவது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது பின்னால் கட்டிய விளக்கம், பரதம் என்பது நாட்டிய சாத்திரம் எழுதிய பரத முனிவரின் பெயரிலிருந்து வந்தது.

கூத்து என்ற பெயரை விடாதவர்களும் இருக்கிறார்கள். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும், கட்டியக்காரன் வந்து பேசத் தொடங்கி விடிய விடிய ஆடி, கடைசி நாள் படுகளத்தில் துரியோதனன் மண்ணுருவமாகத் தரையில் நீளமாகக் கிடப்பான். மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு மரபு, சொல்லிக்கொடுப்பவர் அண்ணாவியார், ஆடும் இடம் வட்டக்களரி. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் கர்ணன் போர், இராவணேசன் என்று பல்கலைக்கழக மாணவர்களை வைத்து மேடையேற்றியபோதும் அது கூத்துதான், பெயரை மாற்றவில்லை. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் முன் கொடுகொட்டி ஆடியவன் பறையூர்க் கூத்தச் சாக்கையன். கேரளத்தில் இன்றும் சாக்கியார் கூத்து உண்டு, கோயிலுக்குள் கூத்தம்பலம் உண்டு. அங்கே யாரும் அந்தப் பெயருக்காகக் கோபப்படுவதில்லை.

எனவே என் கணக்கு இது. பொதுவாக டான்ஸ், நடனம் என்று வரும் இடத்தில் ஆடல் அல்லது ஆட்டம் என்று எழுதலாம், ஆடல் கொஞ்சம் மேடைத்தனம், ஆட்டம் கொஞ்சம் தெருத்தனம், கரகாட்டம் ஒயிலாட்டம் போல. கதை சொல்லி ஆடுவதென்றால் கூத்து. பரதநாட்டியத்தை மாற்றவே வேண்டாம், அது ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தின் பெயர், சிறப்புப் பெயரை மொழிபெயர்ப்பது வீண் வேலை.

நண்பர் இரண்டு நாள் கழித்து அவராகவே கூப்பிட்டார். 'ஆடல் அரங்கேற்றம்' என்று அடித்துவிட்டாராம். நன்றாக இருக்கிறது என்றேன். நாட்டியத்துக்கும் நடனத்துக்கும் அவ்வளவு தேடிய மனிதர் அரங்கேற்றம் என்ற சொல்லின் மேல் ஒரு சந்தேகமும் படவில்லை. படத் தேவையும் இல்லை. மாதவி ஏறிய அதே அரங்கு, சிலப்பதிகாரத்தில் மூன்றாவது காதைக்கு அதுதான் பெயர்.