ஆனி, ஆடியில் முதல் முட்டை: குறைவது சூடல்ல, வெளிச்சம்

ஐந்து மாதம் நிறைந்துவிட்டது, கொண்டையும் சிவக்கத் தொடங்கிவிட்டது, ஆனால் விடைக்கோழி இன்னும் முட்டை வைக்கவில்லை. குளிர்காலமான ஜூன் மாதம் வந்தால் தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட் பக்கம் வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் கேட்பது இதைத்தான். குளிர் தாங்கவில்லை என்று கூட்டைச் சாக்கால் மூடுகிறார்கள், மிளகும் இஞ்சியும் அரைத்துக் கொடுக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இறகு முழுதாக முளைத்த கோழிக்கு டர்பன் குளிர் ஒரு பொருட்டே அல்ல. அதற்குப் போதாமல் இருப்பது பகல்.

கோழியின் மூளை, மண்டையோட்டின் வழியாகவே வெளிச்சத்தை உணரும். பகல் நீள்கிறது என்று தெரிந்தால் சினைப்பையைத் தூண்டும் சுரப்புகளை அனுப்பும், சுருங்கினால் அடக்கிக்கொள்ளும். சென்னையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அதனால் ஊரிலிருந்து வந்த கோழிப் பக்குவத்தில் இந்தப் பேச்சே இருக்காது. டர்பனில் டிசம்பரில் 14 மணி நேரமாக இருக்கும் பகல், ஜூன் 21 அளவில் 10 மணி நேரத்துக்குச் சற்று மேல் என்று சுருங்கிவிடும். பூமியின் வடபாதியில் இருப்பவர்கள் "அக்டோபரில் விளக்கு போடுங்கள்" என்று எழுதுவதை நாம் ஏப்ரல் என்று படிக்க வேண்டும்.

ஜனவரி, பிப்ரவரியில் பொரித்த குஞ்சுகள் வளரும் காலம் முழுவதும் பகல் சுருங்கிக்கொண்டே போகிறது. 20 வாரம் ஆகும்போது மே கடைசி முதல் ஜூலை நடுவரை ஆகிவிடும். லோமன் பிரவுன் போன்ற கலப்பினங்கள் சில வாரம் தாமதித்தாவது தொடங்கிவிடும். போச்செஃப்ஸ்ட்ரூம் கூக்கூக் போன்ற உள்ளூர் இனங்கள் ஆகஸ்ட் வரை இழுத்தாலும் அதை நோயென்று எண்ண வேண்டாம். காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள், அதில் தவறே இல்லை.

விளக்கு போடுவதென்றால் முறையாகப் போடுங்கள். 17 வாரத்துக்கு முன் வேண்டவே வேண்டாம். உடம்பு தேறாத கோழியை முட்டைக்குத் தூண்டினால் முட்டை சிக்கும், முட்டைக்குழாய் வெளியே தள்ளும். 17 வாரம் ஆனபின் முதல் வாரம் காலை 6 மணிக்கு விளக்கு எரியட்டும். பிறகு வாரத்துக்கு அரை மணி முன்னே தள்ளி, ஆறு வாரத்தில் 3 மணிக்குக் கொண்டுவாருங்கள். மாலை 5 மணிக்குச் சூரியன் மறையும், ஆக மொத்தம் 14 மணி நேர வெளிச்சம். கூடுதல் வெளிச்சம் காலையில்தான் வர வேண்டும். மாலையில் விளக்கு பட்டென்று அணைந்தால், பரணில் ஏறாத கோழிகள் இருட்டில் தரையிலேயே ஒடுங்கிவிடும். சின்னக் கூட்டுக்கு மஞ்சள் ஒளி தரும் 5 வாட் எல்இடி போதும். கோழியின் தலை உயரத்தில் செய்தித்தாள் எழுத்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள், அந்த அளவுதான். பிறகு பகல் நீள நீள, விளக்கு எரியும் நேரத்தைத் தாமதப்படுத்தலாம். மொத்த வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

இங்கே மின்வெட்டை மறந்து திட்டம் போட முடியாது. சுழலும் பல் வைத்த டைமர், இரண்டரை மணி நேரம் மின்சாரம் போனால் அவ்வளவு நேரம் பின்தங்கிவிடும். கவனிக்காமல் விட்டால் கோழிக்கு நாள் மாறி மாறி வரும், இறகு உதிர்த்து முட்டையை நிறுத்தும். மின்கலம் உள்ள டைமரும் சார்ஜ் ஆகும் பல்பும் வாங்குவது வீண்செலவல்ல.

தீவனத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 16 வாரத்துக்கு முன் முட்டைக்கோழித் தீவனம் கொடுக்காதீர்கள். அதிலுள்ள 3.5 முதல் 4 சதவீதச் சுண்ணாம்புச் சத்து இளம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதுவரை வளர்தீவனம் மட்டும். முதல் முட்டை கண்டதும் முழுதாக மாற்றிவிடலாம். ஒரு முட்டை ஓட்டுக்கு 2 கிராமுக்கு மேல் கால்சியம் போகிறது, அதுவும் பெரும்பாலும் இரவில். ஆகவே நொறுக்கிய கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில், மாலைக்குள் வையுங்கள். மாவாகப் பொடிக்க வேண்டாம். குருணையாக இருந்தால்தான் இரைப்பையில் தங்கி இரவெல்லாம் கரையும். குளிருக்கு மீலி (மக்காச்சோளம்) நல்லது என்று அள்ளிப் போடுகிறவர்கள், தீவனத்தின் புரதத்தையும் சுண்ணாம்பையும் நீர்க்கச் செய்கிறார்கள். கோழிக்கு 15 கிராம் மீலி, அதுவும் அடையும் நேரத்தில், போதும்.

கூட்டை இறுக மூடாதீர்கள். எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா மூச்சுக்குழாயை அரிக்கும். பரணுக்கு மேலே காற்று போக வழி வேண்டும், பரண் மட்டத்தில் காற்று அடிக்கக் கூடாது. ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கமுள்ள லெனேசியா, லாடியம் போன்ற உறைபனி விழும் இடங்களில் காலையில் தண்ணீர் உறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு நாள் தண்ணீர் இல்லையென்றாலே முட்டை குறையும். சூடேற்றும் விளக்கு வேண்டாம், மரத்தூள் மேல் விழுந்தால் தீப்பிடிக்கும்.

இடுப்பெலும்பு முனைகளுக்கிடையே இரண்டு விரல் நுழைந்து, கை வைத்ததும் கோழி பதுங்கினால் முட்டை ஒரு வாரத்தில் வரலாம். நான்கைந்து கோழிக்கு ஒரு முட்டைப்பெட்டி, 30 சென்டிமீட்டர் சதுரத்தில், பரணைவிடத் தாழ்வாக வையுங்கள். உள்ளே ஒரு கோல்ஃப் பந்து போட்டால் இடம் பழகும். முதல் முட்டைகள் 40, 45 கிராம்தான் இருக்கும். ஓடில்லாத தோல் முட்டை, இரட்டைக்கரு, ஓட்டில் ரத்தக்கோடு எல்லாம் இரண்டு மூன்று வாரத்துக்கு வரும், போய்விடும். அதற்குமேலும் தோல் முட்டையே வந்தால் கிளிஞ்சலைக் கவனியுங்கள்.

பயப்பட வேண்டியது வேறு. கோழி வாலைத் தாழ்த்தி, பென்குவின் போல நிமிர்ந்து நின்று, முக்கிக்கொண்டே இருந்தால் முட்டை சிக்கியிருக்கிறது. கை பொறுக்கும் வெந்நீரில் 20 நிமிடம் வயிறுவரை உட்கார வைத்து, துடைத்து, வாஸ்லின் தடவி, இருண்ட சூடான பெட்டியில் தனியே விடுங்கள். வயிற்றை அழுத்தாதீர்கள், முட்டை உள்ளே உடைந்தால் பிழைக்காது. சில மணி நேரத்தில் வராவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள், மறுநாள்வரை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

முட்டையிட்டுக்கொண்டிருந்த கூட்டம் திடீரென நிறுத்தி, கழுத்து முறுக்கியோ, முகம் வீங்கியோ சாகத் தொடங்கினால் அது பகலோடு சம்பந்தப்பட்டதல்ல. ராணிக்கெட் அல்லது பறவைக்காய்ச்சலாக இருக்கலாம். இரண்டும் அரசுக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்கள். அவர் வரும்வரை ஒரு கோழியையும், ஒரு முட்டையையும் வெளியே அனுப்பாதீர்கள். ஆடிக் கூழுக்கென்று கேட்டு வந்தாலும்.