முன்னே ஓடும் சாம்பல் கோடு

போனில் ஒரு வீடியோ ஓடும்போது ஃப்ளைட் மோடைப் போட்டுப் பாருங்கள். படம் உடனே நிற்காது. சில நொடிகளோ, அரை நிமிடமோ, சிலசமயம் அதற்கு மேலும் ஓடிவிட்டுத்தான் நிற்கும். திரையின் அடியில், பார்த்து முடித்த இடத்தைத் தாண்டி ஒரு சாம்பல் நிறக் கோடு நீண்டிருக்கிறதே, அது தீரும்வரை ஓடும். கண்ணில் படும் காட்சி சற்று முன்பே வந்துசேர்ந்து, போனுக்குள் முறைக்காகக் காத்திருந்தது. இந்தக் கையிருப்புக்குத்தான் பஃபர் என்று பெயர். சிக்னல் ஏறி இறங்கினாலும் படம் தடங்காமல் ஓடுவது இதனால்தான்.

ஆனால் கையிருப்பு சேர வேண்டுமென்றால், பார்க்கும் வேகத்தைவிட வரும் வேகம் கூடுதலாக இருக்க வேண்டும். அது லேசான காரியம் இல்லை. வீடியோ என்பது வேகமாக மாறும் நிலைப்படங்களின் வரிசை; ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். ஃபுல் எச்டி படத்தின் ஒரு ஃபிரேமில் 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட் (0 அல்லது 1 என்ற மிகச் சிறிய தகவல் அலகு), நொடிக்கு 30 ஃபிரேம் என்று பெருக்கினால் நொடிக்குச் சுமார் 150 கோடி பிட் வருகிறது. நம் போனுக்கு உண்மையில் வந்துசேர்வது நொடிக்கு 50 லட்சம் பிட் அளவில்தான் இருக்கும். முந்நூறில் ஒரு பங்கு! மீதி எங்கே போனது?

பெரும்பகுதி அனுப்பப்படவே இல்லை. ஒருவர் சுவர் முன்னால் உட்கார்ந்து பேசுகிறார் என்று வையுங்கள். சுவர் மாறுவதில்லை, உதடும் கையும்தான் அசைகின்றன. அதனால் முதலில் ஒரு முழு ஃபிரேம் வரும். அப்புறம் வருபவை எல்லாம் 'இந்தக் கட்டம் இரண்டு புள்ளி இடப்பக்கம் நகர்ந்தது' என்கிற மாதிரிக் குறிப்புகளே. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பிடிக்கும், நிற வேறுபாட்டில் அவ்வளவு கூர்மை கிடையாது. ஆகவே நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல் போதும். 2003இல் வந்த எச்.264 என்ற வீடியோச் சுருக்க முறை இப்படித்தான் வேலை செய்கிறது. கொட்டும் மழையும் பொங்கும் அலையும் போன் திரையில் கட்டம் கட்டமாக உடைவதற்கும் இதுவே காரணம்: அங்கே எல்லாப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் மாறுகின்றன, மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

ஒலியிலும் இதே கதைதான். பலத்த ஓசை ஒன்று கேட்கும்போது, அதே சுருதிக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய ஓசை காதில் விழாது. விழாததைத் துல்லியமாக அனுப்புவானேன்? சிடி தரத்தில் நொடிக்கு 14 லட்சம் பிட் கேட்கும் பாட்டு, 1.28 லட்சத்தில் அடங்கிவிடுகிறது.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சர்வரில் ஒரே வீடியோ பல தரங்களில் இருக்கும். ஒவ்வொன்றும் சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் என்ற வீடியோ அனுப்பும் முறையில், எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று சொல்வது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. அதைப் படித்து எதை எடுப்பது என்று முடிவு செய்வது சர்வர் இல்லை, உங்கள் போன். ஆறு நொடித் துண்டு இரண்டு நொடியில் வந்துவிட்டதா? சரி, அடுத்தது உயர்ந்த தரத்தில். ஐந்தரை நொடி இழுத்ததா? ஒரு படி இறங்கு. வண்டியில் போகும்போது படம் திடீரென்று மங்கி மறுபடி தெளிவதன் பின்னால் நடப்பது இதுதான். சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட மங்கல் எவ்வளவோ மேல் என்பேன்.

துண்டுகள் எல்லோருக்கும் ஒன்றே என்பதால், அவற்றின் நகல்களைப் பல ஊர் சர்வர்களில் முன்கூட்டியே வைத்துவிடலாம். அதனால் பெரும்பாலும் படம் பக்கத்திலிருந்தே வருகிறது.

நேரலையில் மட்டும் இந்த ஏற்பாட்டுக்கு விலை உண்டு. நடந்து முடிந்த பிறகுதான் துண்டு வெட்ட முடியும். அதில் இரண்டு மூன்று சேர்ந்த பிறகுதான் போன் ஓட்டத் தொடங்கும். கோல் விழுந்ததைப் பக்கத்து வீட்டு டிவியின் கூச்சல் முதலில் சொல்லிவிடுவது இதனால்தான். வீடியோ காலில் அந்தத் தாமதம் கட்டுப்படியாகாது. கேள்விக்குப் பதில் அந்தக் கணமே வர வேண்டும். ஆகவே அங்கே கையிருப்பு பெரும்பாலும் ஒரு நொடிகூட இருப்பதில்லை. சிக்னல் சறுக்கினால் தொலைந்த தகவலுக்காகக் காத்திராமல் பேச்சு நகர்ந்துவிடும், எதிரில் இருப்பவர் முகம் சிதறித் தெரியும்.