ரேகை விழவில்லை என்று அரிசியை நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை

ரேஷன் கடை மிஷினில் விரல் ரேகை விழாமல் அரிசி கிடைக்கவில்லை என்று என்னிடம் வந்தவர்களில், இந்த மாதத்தில் மட்டும் இவர் நான்காவது ஆள். முதலில் ஒரு கொத்தனார், அப்புறம் சலவை வேலை செய்யும் ஒரு கணவன் மனைவி, போன திங்கட்கிழமை காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் ஓர் அம்மா. வயது 68, தனியாக இருக்கிறார், ரேஷன் கார்டில் அவர் பெயர் மட்டும்தான்.

"மூணு மாசமா அரிசி வாங்கல வக்கீலம்மா. மிஷின்ல ரேக வுழல. ஆதாரப் புதுப்பிச்சிட்டு வான்னு அனுப்பிட்டாங்க."

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் என் மேசைமேல் விரித்து வைத்தார். ஐஸும் உப்புத் தண்ணீரும் செதிலும் முப்பது வருடமாகத் தேய்த்த விரல்கள். கட்டைவிரல் நுனி கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. எந்த மிஷினுக்கு அதில் ரேகை கிடைக்கும்?

எனக்குக் கோபம் வந்தது மிஷின்மேல் இல்லை. "ரேகை விழவில்லை என்றால் அரிசி கிடையாது, அதுதான் சட்டம்" என்று கடையில் சொன்னார்களே, இவரும் சரி என்று திரும்பி வந்தாரே, அதன்மேல்தான். படித்தவர்கள்கூட என்னிடம் இதையே சொல்கிறார்கள். அது சட்டம் இல்லை. எங்கேயும் இல்லை.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசியை உரிமை என்கிறது. தமிழ்நாடு அந்தச் சட்டத்துக்குள் வந்தது 2016 நவம்பரில். அதற்கு முன்பே, 2011 முதல், இங்கே ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. விலை இல்லை என்பதாலேயே அது தர்மம் ஆகிவிடாது. உங்கள் ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். என்று இருந்தால் நீங்கள் அந்தச் சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமைக் குடும்பம். தர வேண்டிய தானியத்தைத் தராவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் தர வேண்டும் என்று 8-ஆம் பிரிவு சொல்கிறது. நான் பார்த்தவரை இந்தப் பிரிவை யாரும் கேட்பதே இல்லை. கேளுங்கள்.

ஆதார் விஷயம்? 2017 அக்டோபர் 24 அன்று மத்திய உணவுத் துறை எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. நெட்வொர்க் கிடைக்கவில்லை, ரேகை சரியில்லை என்ற காரணங்களால் யாருக்கும் பொருள் மறுக்கக் கூடாது. கார்டைப் பார்த்துவிட்டுக் கொடுத்து, அதைத் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்தக் கடிதம் எந்தச் சூழ்நிலையில் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதாருடன் இணைக்கவில்லை என்று குடும்பத்தின் ரேஷன் கார்டை நீக்கிவிட்டார்கள், பட்டினியால்தான் செத்தாள் என்றார் தாய். அரசு தரப்பு மறுத்தது.

அடுத்த ஆண்டு, 2018 செப்டம்பர் 26 அன்று, உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில், அரசு உதவி பெற ஆதாரைக் கேட்கலாம் என்னும் ஆதார் சட்டத்தின் 7-ஆம் பிரிவை ஏற்றுக்கொண்டது. எங்கள் துறையில் இன்றுவரை வாதம் ஓயாத தீர்ப்பு அது. ஒருபக்கம் ஏழையின் உணவு, மறுபக்கம் அந்தரங்க உரிமை என்று தராசில் வைத்துப் பார்த்தது பெரும்பான்மைத் தீர்ப்பு. இந்தத் தராசே தவறு என்பது என் கருத்து. காசிமேட்டு அம்மாவுக்கு இரண்டும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கும்படி அவரிடம் யாரும் கேட்கக் கூடாது. ரீத்திகா கேரா போன்ற பொருளாதார அறிஞர்கள் வருடக்கணக்காகச் சொல்லும் இன்னொன்றும் உண்டு: ஒருவர் பெயரில் வேறொருவர் வாங்குவதைத்தான் ரேகை தடுக்கும். பத்துக் கிலோவுக்கு ஒன்பது கிலோ போட்டால் ரேகைக்கு அது தெரியாது. ஆனால் அதே தீர்ப்பில்தான், ரேகை பொருந்தாததால் தகுதியுள்ள யாருக்கும் பலன் மறுக்கப்படாது என்று மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் கொடுத்த உறுதியும் பதிவாகியிருக்கிறது. இதை அச்செடுத்துப் பையில் வைத்திருக்கிறேன்.

கதை இதோடு முடியவில்லை. கடையில் திருப்பி அனுப்பிய பிறகு, காசிமேட்டு அம்மா தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போயிருக்கிறார். "ரேகையைச் சரி பண்ணித் தர்றேன்" என்று அங்கே இருந்த ஆள் ஆதார் நகலை வாங்கி, பத்து விரலையும் ஒரு சின்னக் கருவியில் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லியிருக்கிறான். வலது மோதிர விரல் பொருந்தியது. அப்படிப் பொருந்தியது ரேஷனுக்காக இல்லை. முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் கணக்கிலிருந்து போய்விட்டது. ஆதார் எண்ணும் விரலும் இருந்தால் ஏ.டி.எம். கார்டும் ஓ.டி.பி.யும் இல்லாமலே வங்கிப் பணம் எடுக்கலாம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

"என்கிட்ட மறைக்க என்னம்மா இருக்கு" என்று அடிக்கடி கேட்கிறார்கள். 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது பணக்காரர்களுக்காக மட்டும் இல்லை. இந்த 1,200 ரூபாயும் அதில் அடங்கும்.

அதனால் சொல்கிறேன். கட்டைவிரல் விழாவிட்டால் மற்ற விரல்களையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரேஷன் கடையில் அதைச் செய்திருந்தால் இந்த அம்மாவுக்கு அரிசியும் கிடைத்திருக்கும், பணமும் போயிருக்காது. அப்படியும் விழாவிட்டால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள், பதிவேட்டில் எழுதிவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். தேதியையும் கடை எண்ணையும் குறித்துக்கொண்டு அங்கே நின்றபடியே ரேஷன் புகார் எண் 1967-க்குப் போன் போடுங்கள். நடக்க முடியாதவர்கள் வேறொருவரை அனுப்ப அங்கீகாரப் படிவம் இருக்கிறது. வயது முதிர்ந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தாயுமானவர் திட்டத்தில் 2025 ஆகஸ்ட் முதல் வீட்டுக்கே பொருள் வருகிறது. 

ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு ஆதாரை அனுப்பாதீர்கள். எத்தனை தடவை சொல்வது! கேட்பவர்களுக்குக் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். அரசின் ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கை, அதாவது விரல் ரேகை, கண் பதிவை, பூட்டி வைக்கலாம். ஆனால் ரேஷன் வாங்கும் நாளில் திறக்க மறந்தால் அங்கேயும் விரல் வேலை செய்யாது, கவனம். பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குச் சொல்லுங்கள். வங்கிக்கும் மூன்று வேலை நாளுக்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள், அதற்குள் சொன்னவர்களின் பக்கம் ரிசர்வ் வங்கி விதி வலுவாக இருக்கிறது.

கடையில் நிற்கும் விற்பனையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. சர்வர் நின்றால் திட்டு வாங்குவது நீங்கள்தான், இருப்பு குறைந்தால் பதில் சொல்வதும் நீங்கள்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன், அந்தப் பதிவேட்டைத் திறந்து ஒரு வரி எழுதுங்கள்.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை மண்டல உதவி ஆணையர் அலுவலகத்தில் ரேஷன் குறைதீர் முகாம். காசிமேட்டு அம்மாவோடு நானும் போகிறேன். மூன்று மாதத்துக்கும் சேர்த்து 8-ஆம் பிரிவில் மனு எழுதியாகிவிட்டது. கையெழுத்துப் போட வராதே என்று தயங்கினார். மோதிர விரலில் மை தடவி வைத்தார்.