முதல் பக்கத்துக்கு மட்டும் வேறு மார்ஜினா?

லெட்டர்ஹெட் தாளில் அச்சாக வேண்டிய கடிதம் திருத்தத்துக்கு வந்தால், நான் முதலில் பார்ப்பது உச்சியைத்தான். பெரும்பாலும் ஏழெட்டு என்டர் வரிசையாக நிற்கும். லோகோவுக்கு இடம் விட்டிருக்கிறார்களாம்!

விவரம் தெரிந்தவர்கள் செக்ஷன் பிரேக், அதாவது ஆவணத்தைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் குறி, போட்டிருப்பார்கள். வேர்டில் மார்ஜின் பக்கத்துக்குச் சொந்தமில்லை, செக்ஷனுக்குத்தான் சொந்தம். அதனால் இது தப்பில்லை. ஆனால் அந்த பிரேக் எழுத்தோடு சேர்ந்தே நகரும். ஒருமுறை ஒப்பந்தக் கடிதம் ஒன்றின் முதல் பத்தியில் கடைசி நேரத்தில் மூன்று வரி சேர்த்தார்கள். முதல் பக்கம் நிரம்பி, கடைசி மூன்று வரி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டது. அங்கேயும் மேலே 6 செ.மீ. காலி, கீழே வெறும் தாள், கடிதத்தின் மீதி மூன்றாம் பக்கத்தில். எரிச்சலில் யாரோ பிரேக்கை அழித்தார்கள். அழித்தால் முன்னால் இருக்கும் பகுதி பின்னால் இருப்பதன் மார்ஜினை எடுத்துக்கொள்ளும். முகவரி நேராக லோகோ மேல் போய் ஏறிவிட்டது.

முதல் பக்கம் ஒரு முகப்பு அட்டை, அதில் எழுத்து வழியவே வழியாது என்றால் பிரேக் போதும். கடிதத்துக்கு நான் நம்புவது ஹெட்டரை, அதாவது பக்கத்தின் உச்சியில் மேல் மார்ஜினுக்குள் இருக்கும் தனிப் பகுதியை. ஹெட்டர் பகுதியில் இரட்டைக் கிளிக் செய்து, ‘டிஃபரென்ட் ஃபர்ஸ்ட் பேஜ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் முதல் பக்க ஹெட்டரில் உள்ள பத்திக்குப் பின்னால் 120 பாயின்ட் இடைவெளி கொடுங்கள். அது ஏறக்குறைய 4.2 செ.மீ. ஹெட்டர் 1.27 செ.மீ.யில் தொடங்கினால், அந்தப் பத்தியின் வரி உயரமும் சேர்ந்து, எழுத்து தாளின் உச்சியிலிருந்து சுமார் 6 செ.மீ. தள்ளித் தொடங்கும். ஹெட்டர் பெருத்தால் கீழே உள்ள எழுத்தை வேர்டே இறக்கிவிடும், அவ்வளவுதான் சூட்சுமம். எத்தனை வரி சேர்த்தாலும் இரண்டாம் பக்கம் வழக்கமான மார்ஜினில் ஓடும்.

இறங்கவில்லையா? மேல் மார்ஜினில் கழித்தல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஹெட்டர் எவ்வளவு வளர்ந்தாலும் எழுத்து அசையாது. பழைய டெம்ப்ளேட் ஒன்றில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மதியம் போனது.

இடது பக்கம் இடம் வேண்டுமென்றால், அதே முதல் பக்க ஹெட்டரில் காலி டெக்ஸ்ட் பாக்ஸ் ஒன்றை வைத்து, ‘ஸ்கொயர்’ ராப்பிங் கொடுங்கள். எழுத்து ஒதுங்கிப் போகும்.

வேர்டுக்கு மாற்றான லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் இந்தச் சுற்றுவழியே தேவையில்லை. எஃப்11 அழுத்தி, பக்க ஸ்டைல்களில் ‘ஃபர்ஸ்ட் பேஜ்’ மேல் இரட்டைக் கிளிக் செய்து, அதன் மார்ஜினை மாற்றினால் சரி. வழிகிற வரிகள் தாமாகவே அடுத்த பக்கத்தின் மார்ஜினுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.